மீனுக்கும் இறாலுக்கும் மூலிகைச் சாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலிகைச் சாறு உண்மையிலேயே பாக்டீரியாவைக் கொல்லுமா?

கொல்லும். பூண்டை நசுக்கியதும் உண்டாகும் அல்லிசின், பாக்டீரியாவின் நொதிகளில் உள்ள கந்தகப் பகுதியைப் பற்றிக்கொண்டு அவற்றை வேலை செய்யவிடாமல் செய்கிறது. ஓமத்தில் உள்ள தைமால், கற்பூரவள்ளியில் உள்ள கார்வக்ரால், கிராம்பில் உள்ள யூஜினால் ஆகியவை பாக்டீரியாவின் சவ்வைக் குலைத்து, உள்ளே இருப்பதை வெளியே ஒழுகவிடுகின்றன. கொய்யா இலை, மாதுளைத் தோல், கடுக்காய் ஆகியவற்றின் டானின்கள் (துவர்ப்புப் பொருட்கள்) புரதத்தோடு பிணைந்து அதைத் திரள வைக்கும். கிருமிக்கு வேண்டிய இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எல்லாக் கிருமிகளும் ஒரே அளவுக்குப் பணியாது. திலேப்பியாவைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிராம் பாசிட்டிவ் வகை, அதாவது வெளிச்சவ்வு இல்லாதது. சாறு அதற்குள் ஓரளவு எளிதாக நுழையும். ஏரோமோனாஸ், எட்வர்ட்சியெல்லா, விப்ரியோ மூன்றும் கிராம் நெகட்டிவ். அவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு கவசம்போல் இருப்பதால் கூடுதல் செறிவு தேவைப்படும். பண்ணையில் பெரும் சேதம் செய்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் கூட்டம்தான்.

அப்படியானால் சாற்றைக் குளத்து நீரில் ஊற்றினால் போதுமே?

இந்தக் கேள்விக்குக் கணக்குதான் பதில் சொல்லும். ஒரு ஹெக்டேர் குளத்தில் 1 மீட்டர் ஆழத்துக்கு நீர் இருந்தால் அது 10,000 கனமீட்டர், அதாவது 1 கோடி லிட்டர். சுத்திகரிக்காத ஒரு நல்ல இலைச்சாறு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் செறிவில் கிருமியின் வளர்ச்சியை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 1 கிராம். குளம் முழுக்க அந்தச் செறிவு வர 10,000 கிலோ உலர் சாறு வேண்டும். 100 கிலோ காய்ந்த இலையிலிருந்து 10 கிலோ சாறு கிடைத்தாலும் 100 டன் காய்ந்த இலை தேவைப்படும். நடக்கிற காரியமல்ல.

நடந்தாலும் கெடுதல்தான். அவ்வளவு கரிமப் பொருள் நீரில் அழுகினால் இரவில் ஆக்சிஜன் சரிந்து விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். குறைந்த அளவில் ஊற்றினால் சாற்றிலுள்ள பொருட்கள் சேற்றிலும் பாசியிலும் ஒட்டிக்கொண்டும் வெயிலில் சிதைந்தும் போகும். கிருமியைத் தொடுவது சொற்பம்.

நீரில் கலக்கும் முறை தொட்டிகளுக்கும் பொரிப்பகத்துக்கும் காட்சிமீன் தொட்டிக்கும் மட்டுமே பொருந்தும். குளத்துக்குத் தீவனமே வழி.

தட்டில் பெரிய வளையம் வந்தால் நல்ல மருந்து என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கிருமி பரப்பிய அகர் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் சாறு தோய்த்த காகித வட்டை வைத்தால், அதைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வளையம் உண்டாகும். வளையத்தின் விட்டம் இரண்டு விஷயங்களின் கூட்டு: சாற்றின் வீரியம், அது அகரில் பரவும் வேகம். மஞ்சளில் உள்ள, நீரில் கரையாத குர்குமின் போன்ற பொருள் அகரில் நகரவே தயங்கும். வளையம் சிறிதாக வரும். டானின் சட்டென்று பரவிப் பெரிய வளையம் காட்டும். இரண்டையும் மில்லிமீட்டரில் ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்வது தவறு.

சோதனையைச் சரியாகச் செய்ய விரும்பினால் இவற்றைக் கவனியுங்கள். கிருமிக் கரைசல் 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை ஒப்பிடும் அளவுகோல்) கலங்கலில் இருக்க வேண்டும். அது மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி செல்கள். விப்ரியோவுக்கு முல்லர் ஹிண்டன் அகரில் 1 முதல் 2% உப்பு சேர்க்க வேண்டும். உப்பில்லாத தட்டில் அது சோர்ந்துபோய், சாறு வீரியமானது போன்ற மாயத் தோற்றம் தரும். வெப்பநிலை 28 டிகிரியில் இருக்கட்டும்; 37 டிகிரி மனிதக் கிருமிக்கானது. 6 மில்லிமீட்டர் காகித வட்டில் 6 மில்லிமீட்டர் வளையம் என்று எழுதினால் வளையமே இல்லை என்று பொருள், ஏனெனில் அது வட்டின் அளவுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கரைப்பானை மட்டும் ஊற்றிய ஒரு வட்டு. எத்தனால் தானே ஒரு கிருமிநாசினி. அந்த வட்டு இல்லாத சோதனையில் இலையைப் பாராட்டுகிறோமா சாராயத்தைப் பாராட்டுகிறோமா என்பது தெரியாது.

பிறகு இருமடங்கு நீர்த்தல் வரிசையில் (ஒவ்வொரு படியிலும் செறிவைப் பாதியாக்கி) கிருமியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைக் கண்டறியுங்கள். பயன்படும் எண் அதுதான். மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குள் வந்தால் அந்தச் சாற்றை உற்சாகமாகத் தொடரலாம். 5 மில்லிகிராமைத் தாண்டினால் கிருமியைக் கொல்லும் மருந்தாக அதை நம்ப வேண்டாம்.

சாறு எடுப்பது எப்படி? எந்தக் கரைப்பான் நல்லது?

இலையைப் பறித்ததும் கழுவி, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். நேர் வெயில் வேண்டாம். உலர்த்தும் பெட்டி இருந்தால் 40 முதல் 45 டிகிரிக்குள். கையில் நசுக்கினால் நொறுங்கிப் பொடியாக வேண்டும்; வளைந்து கொடுத்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. ஈரத்தோடு மூட்டை கட்டிய இலையில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை சுரக்கும் நச்சான அஃப்ளாடாக்சின் மீனின் கல்லீரலையும் இறாலின் கல்லீரல் கணையத்தையும் (அதன் செரிமான உறுப்பு) நேராகத் தாக்கும். நோய் தீர்க்கப் போன தீவனமே நோயாகிவிடும். ஒரு கிலோ பச்சை இலையிலிருந்து 200 முதல் 300 கிராம் வரைதான் உலர் இலை கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.

100 கிராம் பொடிக்கு 1 லிட்டர் கரைப்பான். 70% எத்தனால் பெரும்பாலான இலைகளுக்கு ஏற்றது. நீரில் கரைவதும் எண்ணெய்த் தன்மை உள்ளதும் இரண்டும் அதில் ஓரளவு இறங்கும். மூடிய கண்ணாடிக் குடுவையில், இருட்டில், 48 முதல் 72 மணி நேரம். நாளுக்கு மூன்று நான்கு முறை குலுக்குங்கள். துணியில் வடித்து, பிறகு வடிதாளில் வடித்து, 45 டிகிரிக்கு மேற்படாமல் கரைப்பானை ஆவியாக்குங்கள். எத்தனால் ஆவி தீப்பற்றும் என்பதால் அடுப்புத் தீயில் ஒருபோதும் வேண்டாம். கடைசியில் தார் போன்ற கரும்பச்சைக் குழம்பு மிஞ்சும். அதை எடைபோட்டு, அடர்நிறக் குப்பியில் 4 டிகிரியில் வையுங்கள்.

மெத்தனால் ஆய்வகத்தோடு நிற்கட்டும். தீவனத்துக்குப் போகும் சாற்றில் அதன் எச்சம் இருக்கக் கூடாது.

பண்ணை அளவில் கரைப்பானே இல்லாமல் உலர் பொடியாகக் கலப்பது பல நேரங்களில் புத்திசாலித்தனம். வீரியம் குறைவு, ஆனால் தவறு செய்யும் இடங்களும் குறைவு.

பூண்டைக் கொதிக்க வைத்த நீர் பயன்படுமா?

ஏறக்குறைய வீண். முழுப் பூண்டில் அல்லிசின் கிடையாது. அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் சந்தித்து அல்லிசின் பிறக்கிறது. மூக்கைத் துளைக்கும் அந்த வாசம் அப்போதுதான் எழுகிறது. முழுப் பல்லைக் கொதிநீரில் போட்டால் நொதி செத்துவிடும், சந்திப்பே நடக்காது. எனவே முதலில் நசுக்கி, 10 நிமிடம் அப்படியே விட்டு, பிறகு குளிர்ந்த நீரில் கலக்க வேண்டும். அல்லிசின் நிலையற்றது, அரைத்த விழுதை வைத்திருக்க வைத்திருக்க வீரியம் குறையும்.

தீவனத்தில் கலக்கும் சரியான முறை என்ன?

1 கிலோ குச்சித் தீவனத்துக்கான அளவு இது. பெரிய அளவுக்கு அப்படியே பெருக்கிக்கொள்ளலாம்.

உரித்த பூண்டு 10 கிராம். நசுக்கி 10 நிமிடம் விடுங்கள். இன்னொரு பாத்திரத்தில் 5 கிராம் ஜெலட்டினை 50 மில்லி வெந்நீரில் கரைத்து, விரல் வைத்தால் வெதுவெதுப்பு மட்டும் தெரியும் வரை ஆறவிடுங்கள். சூட்டோடு பூண்டைச் சேர்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஆறியதும் பூண்டைக் கலந்து துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். திப்பி இருந்தால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். தீவனத்தை அகலத் தட்டில் பரப்பி, தெளித்தபடியே புரட்டுங்கள். எல்லாக் குச்சியும் ஒரே மாதிரி மினுமினுக்க வேண்டும். நிழலில் 30 முதல் 60 நிமிடம் உலர்த்தி, அன்றே போட்டு முடித்துவிடுங்கள்.

மஞ்சளுக்கு முறை வேறு. குர்குமின் நீரில் கரையாது. 5 முதல் 10 கிராம் மஞ்சள் தூளை 20 மில்லி மீன் எண்ணெயில் குழைத்துப் பூச வேண்டும். கொய்யா இலைப் பொடிக்கு 5 முதல் 10 கிராம் போதும், ஜெலட்டின் கரைசலிலேயே கலக்கலாம்.

முடிந்ததும் ஒரு சின்னப் பரிசோதனை. பத்துக் குச்சிகளைக் கண்ணாடித் தம்ளர் நீரில் போட்டு வேடிக்கை பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் நீர் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் பூச்சு நிற்கவில்லை. மருந்து குளத்துக்குப் போகிறது, வயிற்றுக்குப் போகவில்லை. இறால் மெதுவாகக் கொறித்துத் தின்னும் என்பதால் அதற்கு 30 நிமிடமாவது பூச்சு தாங்க வேண்டும். பூச்சின்மேல் 10 மில்லி எண்ணெய் இன்னொரு அடுக்காகத் தடவினால் கசிவு குறையும்.

தீவனத்தில் 1% மூலிகை என்றால் மீனுக்கு உண்மையில் எவ்வளவு போகிறது?

குளத்தில் 1,000 கிலோ மீன், தினம் உடல் எடையில் 3% தீவனம் என்றால் 30 கிலோ. அதில் 1% பொடி 300 கிராம். மீனின் எடை கிலோவுக்கு 0.3 கிராம். மீன் வளர்ந்து தீவன விகிதம் 1.5% ஆகக் குறைந்தால் அதே 1% கலவையில் மருந்து பாதியாகிவிடும். குஞ்சுப் பருவத்தில் பலன் தந்த கலவை பெரிய மீனிடம் பலனளிக்காததற்கு இதுவே பல நேரம் காரணம். தீவனத்தின் சதவீதத்தை மட்டும் எழுதி வைக்காமல், உடல் எடைக்கு எவ்வளவு என்பதையும் எழுதி வையுங்கள்.

நோய் வந்த பிறகு கொடுத்தால் குணமாகுமா?

மனம் கேட்காத பதில்தான்: பெரும்பாலும் ஆகாது. நோயுற்ற மீன் செய்யும் முதல் காரியம் தீவனத்தை விடுவது. நீங்கள் கலக்கும் மருந்தை நலமாக இருப்பவைதான் தின்கின்றன. தேவைப்படுபவை ஓரத்தில் ஒதுங்கி நிற்கின்றன. சாவு தொடங்கி, செக் ட்ரேயில் (தீவனம் தின்கிறதா என்று பார்க்க வைக்கும் தட்டு) தீவனம் மிஞ்ச ஆரம்பித்துவிட்டால் மூலிகையின் காலம் கடந்துவிட்டது.

இறாலின் முன்கூட்டிய இறப்பு நோயில் இது இன்னும் கடுமை. விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸின் சில வகைகள் வயிற்றில் குடியேறி பிர்ஏ, பிர்பி என்ற இரு நச்சுகளைச் சுரக்கின்றன. கல்லீரல் கணையம் வெளுத்துச் சுருங்கி, குடல் வெறுமையாகிறது. குஞ்சுகளைக் குளத்தில் இருப்புவிட்ட முதல் 35 நாட்களுக்குள்ளேயே பெரும்பாலும் இது வரும். கிருமியைக் கொன்றாலும் ஏற்கெனவே சுரந்த நச்சு நச்சுதான்.

ஆகவே மூலிகைக்குரிய இடம் நோய்க்கு முன்னால். இருப்புவிட்டதிலிருந்தோ, நோய் வழக்கமாக வரும் பருவத்துக்கு 3 வாரம் முன்பிருந்தோ தொடங்குங்கள். 2 முதல் 4 வாரம் கொடுத்து, 1 அல்லது 2 வாரம் நிறுத்தி, மீண்டும் கொடுங்கள். இந்த முறையில் கிடைக்கும் பலனில் பெரும் பங்கு கிருமியைக் கொல்வதால் வருவதல்ல. மீனின் விழுங்கணுக்கள் சுறுசுறுப்பாகின்றன, கிருமியைச் சிதைக்கும் லைசோசைம் என்ற நொதி கூடுகிறது, அதனால் கிருமியை மீனே சமாளிக்கிறது. இடைவிடாமல் ஊட்டினால் இந்தத் தூண்டல் மழுங்கக்கூடும். அதனால்தான் இடைவெளி.

வெள்ளைப் புள்ளி நோய்க்கும் இது கேட்குமா?

இறாலின் வெள்ளைப் புள்ளி நோய் வைரஸ். இறாலின் கல்லீரல் கணையத்தைத் தாக்கும் இ.எச்.பி. நுண்ஸ்போரிடியா, அதாவது பூஞ்சைக்கு நெருங்கிய ஒட்டுண்ணி. மீன்களில் ஆழப் புண் உண்டாக்கும் அஃபனோமைசஸ் பூஞ்சையை ஒத்த உயிரி. இவற்றுள் எதுவும் பாக்டீரியா அல்ல, பாக்டீரியாவுக்கான சாறு இவற்றைக் குணப்படுத்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அஃபனோமைசஸ் புண்ணில் பிறகு ஏரோமோனாஸ் குடியேறும் என்பது உண்மை. ஆனால் அது வீடு எரிந்தபின் வந்த திருடன்.

நோய் பாக்டீரியாவால்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் நீரைப் பாருங்கள். ஒரே இரவில், விடியும்முன், பெரிய மீன்கள் முதலில் செத்து மிதந்தால் அது பெரும்பாலும் ஆக்சிஜன் குறை. மூலிகை தேடும் நேரத்தில் ஏரேட்டரைப் போடுங்கள். நாளுக்கு ஐந்து, பத்து, இருபது என்று சாவு படிப்படியாக ஏறினால் தொற்று என்று சந்தேகிக்கலாம். துடுப்பின் அடியிலும் வயிற்றிலும் ரத்தக் கசிவு, ஆசனவாய் சிவப்பு, வயிற்றில் நீர் என்றால் ஏரோமோனாஸ் பக்கம் போகும். கண் பிதுங்கிச் சுழன்று நீந்தினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். செவுளில் மஞ்சள் பழுப்பாக அரித்த திட்டு, முதுகில் சேணம் வைத்தாற்போல் வெளுப்பு என்றால் கொலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். இவை ஊகத்துக்கு உதவும். உறுதிக்கு, இறந்து அழுகாத, தள்ளாடிக்கொண்டிருக்கும் மீனின் சிறுநீரகத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பதே வழி.

இயற்கைப் பொருள்தானே, மீனுக்கு என்ன ஆகும்?

மிகவும் கவலை தரும் நம்பிக்கை இது. மீனைக் கொல்லப் பயன்படும் ரோட்டினோனும் தாவரப் பொருள்தான். தேயிலை விதைப் பிண்ணாக்கின் சபோனின், 15 முதல் 20 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) பிண்ணாக்கிலேயே, மீனின் செவுளையும் ரத்த அணுக்களையும் சிதைத்துக் கொல்லும். இறால் அதைத் தாங்கிக்கொள்ளும். இறால் குளத்தில் களைமீனை அகற்ற அது பயன்படுவதே இதனால்தான்.

கிராம்பு எண்ணெயைப் பாருங்கள். யூஜினால் பல கிருமிகளைத் தடுக்க லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் வேண்டும். மீனோ 25 முதல் 100 மில்லிகிராமிலேயே மயங்கிச் சாய்ந்துவிடும். கிருமி சாகும் முன் மீன் செத்துவிடும். கிராம்பு எண்ணெயை நீரில் கலந்து நோய் தீர்க்க முயல வேண்டாம்.

வேம்பு மீன்குளத்துக்கு ஒன்று, இறாலுக்கு வேறு. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் தோலுரிப்பு ஹார்மோனைக் குழப்பும். இறாலும் நண்டும் தோலுரித்து வளரும் கணுக்காலிகள். நீர்த்தெள்ளு போன்ற விலங்கு மிதவைகளும் அப்படியே. இறால் குளத்தில் வேப்பஞ்சாற்றை விலக்குவதே எங்கள் அறிவுரை.

புதிய சாறு எதுவானாலும் முதலில் வாளியில் சோதியுங்கள். ஆறு வாளி, ஒவ்வொன்றிலும் 10 குஞ்சு, காற்றுக்குழாய். ஒன்றில் வெறும் நீர், மற்றவற்றில் இருமடங்காக ஏறும் ஐந்து செறிவு. 96 மணி நேரம் பார்த்து, பாதி மீன் சாகும் செறிவைக் குறியுங்கள். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொட்டியில் பயன்படுத்த வேண்டாம். அந்தப் பத்தில் ஒரு பங்கு கிருமியைத் தடுக்கும் செறிவைவிடக் குறைவாக இருந்தால் அந்தச் சாறு நீர் மருந்தாகாது. அத்தோடு விட்டுவிடுங்கள்.

மீன் தீவனத்தைத் துப்புகிறதே?

கசப்பு. நிலவேம்பு, கீழாநெல்லி, வேம்பு மூன்றிலும் இது வரும். 0.25 சதவீதத்தில் தொடங்கி மூன்று நான்கு நாளில் மெல்ல ஏற்றுங்கள். மேலே மீன் எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். டானின் மிகுந்த கடுக்காய், மாதுளைத் தோலை 1 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். கிருமியின் புரதத்தைப் பிடிக்கும் அதே டானின் தீவனப் புரதத்தையும் பிடிக்கும்; செரிமானம் குறைந்து வளர்ச்சி தேங்கும்.

புரோபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

ஒரே வேளையில் வேண்டாம். விப்ரியோவைத் தடுக்கும் சாறு, புரோபயாட்டிக்கில் உள்ள நன்மை செய்யும் பாக்டீரியாக்களான, கிராம் பாசிட்டிவான பேசிலஸையும் லாக்டோபேசிலஸையும் இன்னும் எளிதாகத் தடுக்கும். பேசிலஸ் வித்துநிலையில் பிழைக்கலாம்; லாக்டோபேசிலஸ் பிழைப்பது கடினம். மூலிகை வாரம், புரோபயாட்டிக் வாரம் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

கொல்லாமலேயே கிருமியை அடக்கும் சாறு உண்டாமே?

உண்டு. இந்தத் துறையில் மிகுந்த நம்பிக்கை தரும் பகுதியும் இதுதான். ஒளிரும் விப்ரியோ ஹார்வியி தனியாக இருக்கும்போது ஒளிராது. கூட்டம் பெருகியதும் ஒன்றுக்கொன்று வேதிச் சைகை அனுப்பி, எண்ணிக்கை போதும் என்று தெரிந்தபின் ஒளியையும் நச்சையும் வெளியிடும். லவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு, கிருமியின் வளர்ச்சியைத் தடுக்காத சிறு செறிவிலேயே இந்தச் சைகையைக் குழப்புகிறது. இருட்டறையில் குடுவையைப் பார்த்தால் நீர் கலங்கியே இருக்கும், கிருமி உயிரோடிருக்கும், ஆனால் நீலப்பச்சை ஒளி மங்கியிருக்கும். சாகாத கிருமிக்கு எதிர்ப்பைத் தேடிக்கொள்ளும் நெருக்கடியும் குறைவு.

மூலிகைக்கு எதிர்ப்பு உருவாகாதா?

பல பொருள் கலந்த சாறு பல இடங்களில் தாக்குவதால், ஒற்றை மூலக்கூறு மருந்தைவிட மெதுவாகத்தான் உருவாகும். உருவாகவே உருவாகாது என்பது சரியல்ல. உள்ளே வந்த பொருளை வெளியே தள்ளும் பம்புகள் கிருமிகளிடம் உண்டு. குறைந்த அளவில் மாதக்கணக்கில் கொடுப்பது அவற்றுக்குப் பயிற்சி கொடுப்பதாகிவிடும்.

ஆன்டிபயாடிக்கை முழுவதும் விட்டுவிடலாமா?

தடுப்புக்காகவும் வளர்ச்சிக்காகவும் போடுவதை இன்றே விடலாம், விட வேண்டும். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் ஆகியவை உணவாகும் மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் அறவே கூடாதவை. ஆனால் கிருமி உறுதியாகி, மருந்துணர்திறன் சோதனையும் முடிந்து, மீன்நோய் மருத்துவர் அனுமதிக்கப்பட்ட மருந்தை எழுதிக் கொடுத்தால், அதைத் தள்ளிவைத்து இலைச்சாற்றை ஊற்றிக்கொண்டிருப்பது மீனுக்குச் செய்யும் கொடுமை. எழுதிய அளவை எழுதிய நாட்களுக்குக் கொடுத்து, விலக்கு காலம் (மருந்தின் எச்சம் உடலிலிருந்து நீங்கக் காத்திருக்கும் நாட்கள்) முடிந்தபின் அறுவடை செய்யுங்கள்.

‘மூலிகைக் கலவை’ என்று வாங்கும் பொட்டலத்துக்கு ஆன்டிபயாடிக் எச்சச் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். அதில் ஏதேனும் கலந்திருந்தால் ஏற்றுமதிச் சோதனையில் மாட்டுவது உங்கள் இறால்தான்.

ஒரு முறை பலித்தது, அடுத்த முறை பலிக்கவில்லை. ஏன்?

இலை மாறியிருக்கும். ஒரே செடியிலும் தளிரும் முற்றிய இலையும், மழைக்காலமும் கோடையும், பூக்கும் முன்னும் பின்னும் வேதிப்பொருள் அளவு வேறுபடும். எனவே ஒரே வயது இலையை ஒரே பருவத்தில் ஒரே நேரத்தில் பறியுங்கள், ஒவ்வொரு தொகுதியையும் உங்கள் பண்ணைக் கிருமிமேல் தட்டில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள், தேதியை எழுதுங்கள். பூச்சிமருந்து தெளித்த வயலோரத்து இலையைத் தொடவே வேண்டாம். இறால் பூச்சிக்கு உறவு, பூச்சிமருந்தின் சிறு எச்சமும் அதைக் கொன்றுவிடும்.

பலன் கிடைத்ததா என்று எப்படி அளப்பது?

ஒரு குளத்தில் மூலிகை, பக்கத்துக் குளத்தில் இல்லை என்ற ஒப்பீடு எதையும் நிறுவாது. குளத்துக்குக் குளம் சேறே வேறு. ஒரே குளத்தில் ஆறு வலைக்கூண்டு கட்டி, மூன்றில் மூலிகைத் தீவனம், மூன்றில் அதே பூச்சு, மூலிகை மட்டும் இல்லாமல். எண்ணிக்கை, எடை, தீவன அளவு ஒன்றாக இருக்க வேண்டும். எந்தக் கூண்டுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் ஏரேட்டருக்கு அருகிலுள்ள நல்ல இடம் தெரியாமலே மூலிகைக்குப் போய்விடும். பிழைப்பு விகிதம், தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ எடை கூடத் தேவைப்பட்ட தீவனம்) இரண்டையும் வாரந்தோறும் குறியுங்கள். இறாலாக இருந்தால் டி.சி.பி.எஸ். தட்டில் (விப்ரியோவை வளர்த்து எண்ணுவதற்கான அகர் தட்டு) குடல் விப்ரியோவையும் எண்ணுங்கள், மஞ்சள் புள்ளியும் பச்சைப் புள்ளியும் தனித்தனியாக. வி. பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாக வளரும். மூலிகைக் கூண்டில் மொத்த எண்ணிக்கை அதே அளவில் இருந்தும் பச்சை குறைந்தால் அதுவும் ஒரு பலன்தான்.